தழும்பு ஆறிய பிறகும் எரிவது ஏன்? நுரையீரல் அறுவை சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் வலி

அத்தைக்கு நுரையீரலில் ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது மாதம், ஈரோட்டில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டே இருந்தவர், ரவிக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் வைத்திருந்த பழைய மல் துணியை எடுத்து உதறி, நாலாக மடித்து, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். என்ன அத்தை என்றேன்.

"துணி பட்டாலே எரியுது கண்ணு. தழும்பெல்லாம் ஆறிப்போச்சு. உள்ளுக்குள்ளதான் தீக்குச்சியைக் கிழிச்ச மாதிரி சுர்ருங்குது."

டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "கட்டியை எடுத்து உசுரைக் காப்பாத்திக் குடுத்திருக்காங்க. அவங்ககிட்டப் போய் துணி உரசுதுன்னு சொல்றதா?" என்றார்.

அன்று அவருக்காகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய நிலையில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆபரேஷன் செய்யும் கட்டத்தில் பிடிபடுபவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் கிடைப்பதில்லை. தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

உண்மையில் இது மிகச் சாதாரணமாக வரும் வலி. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைக்கு தோராக்கோட்டமி என்று பெயர். அதற்குப் பிறகு வெட்டிய தடத்தை ஒட்டி இரண்டு மாதத்துக்கு மேல் வலி நீடித்தாலோ, போய்த் திரும்ப வந்தாலோ, அதைத் தனி நோய்நிலையாகவே உலக வலி ஆய்வுச் சங்கம் வகுத்திருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2014-இல் வெளியான தொகுப்புக் கணக்கின்படி, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மூன்றாம் மாதத்தில் 57 சதவீதம் பேருக்கும், ஆறாம் மாதத்தில் 47 சதவீதம் பேருக்கும் வலி இருந்தது. ஏறக்குறைய இரண்டில் ஒருவர். இதில் பெரும்பாலோருக்கு லேசான வலிதான். தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குப் போவது அதில் ஒரு சிறு பகுதிக்கு. ஆனால் அந்தச் சிறு பகுதியில் நம் வீட்டு மனுஷி இருந்தால், அது சிறு பகுதி இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் நெஞ்சில் காயம்பட்டு ஆபரேஷன் செய்யப்பட்ட வீரர்களுக்கு விலாவைச் சுற்றி வலி தங்கிவிடுவதை அமெரிக்க மருத்துவர்கள் 1944-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, புண் ஆறிவிட்டது, தையலும் பிரித்தாயிற்று, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கிறது. அப்புறம் எது வலிக்கிறது?

விலா எலும்பைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு எலும்புகள். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் உட்பக்கமாக ஒரு சிறு பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளத்துக்குள் மேலே ஒரு சிரை, நடுவில் ஒரு தமனி, கடைசியில் ஒரு நரம்பு, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. சிரையும் தமனியும் பள்ளத்துக்குள் பதுங்கியிருக்க, நரம்புதான் விளிம்புக்குக் கிட்டத்தில், பாதுகாப்புக் குறைவாகக் கிடக்கிறது. முதுகுத் தண்டிலிருந்து கிளம்பி, விலாவைச் சுற்றி வந்து, முன்பக்கம் மார்பிலும் வயிற்றிலும் முடிகிறது.

அறுவை மருத்துவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் கீழ் எலும்பின் மேல் விளிம்பை ஒட்டித்தான் உள்ளே நுழைவார். ஆனால் நுழைந்தால் போதாதே. கையும் கருவியும் போக இடம் வேண்டும். அதற்காக இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே எஃகு விரிப்பானை வைத்து, பல்சக்கரத்தைத் திருகித் திருகி அகலப்படுத்துகிறார்கள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த என்ரிக்கே ஃபினோச்சியெட்டோ என்ற அறுவை மருத்துவரின் பெயரில்தான் அந்தக் கருவி இன்றைக்கும் வழங்குகிறது. அது மேல் எலும்பை மேலே தள்ளும்போது, அந்த எலும்பின் அடிவிளிம்பில் இருக்கும் நரம்பும் நசுங்குகிறது, இழுபடுகிறது. ஆபரேஷன் முடிந்து எலும்புகளைச் சேர்த்துத் தைக்கும்போது எலும்பைச் சுற்றி வரும் தையல் நூலும் நரம்பை இறுக்கலாம். இதைத் தவிர்க்கவே கீழ் எலும்பில் சின்னத் துளை போட்டு அதன் வழியாகத் தைக்கும் முறையைச் சில மருத்துவர்கள் கையாள்கிறார்கள். பிறகு நீரும் காற்றும் வெளியேற வைக்கும் டியூப், சில நாள் அதே விலா இடுக்கில் அழுத்திக்கொண்டிருக்கிறது.

கேமரா வழியாகச் சிறு துளைகளில் செய்யும் ஆபரேஷனில் அந்த விரிப்பான் கிடையாது. டென்மார்க்கில் 200-க்கும் மேற்பட்ட ஆரம்பக்கட்ட நோயாளிகளை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவுகளின்படி, கேமரா முறையில் செய்துகொண்டவர்களுக்கு முதல் நாளிலும் வலி குறைவு, அதற்கடுத்த ஓராண்டிலும் நடுத்தர, கடும் வலி குறைவு. குறைவுதான், இல்லாமல் போகவில்லை. துளை வழியாகப் போகும் கருவி அசையும்போது அதே நரம்பின் மீதுதான் நெம்புகிறது. "உங்களுக்குச் சின்ன ஓட்டைதானே போட்டாங்க, இன்னுமா வலிக்குது?" என்று கேட்கிற சொந்தக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

அடிபட்ட நரம்பு அறுந்த மின்கம்பி மாதிரி நடந்துகொள்கிறது. யாரும் தொடாமலே பொறி விடுகிறது. தொட்டால் உண்டாகும் சின்ன உணர்வையும் வலி என்று மேலே அனுப்புகிறது. வாரக்கணக்கில் இது தொடரும்போது தண்டுவடத்திலும் மூளையிலும் அந்தச் செய்தியை வாங்கும் செல்கள் மேலும் கூர்மையாகிவிடுகின்றன. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு யாரோ திருகை உடைத்துவிட்டது போல. அதனால்தான் ஒரே இடம் மரத்தும் இருக்கிறது, எரியவும் செய்கிறது. கிள்ளினால் தெரியாது, முந்தானை பட்டால் உயிர் போகும். கேட்பவருக்கு இது நம்ப முடியாத புகார். நரம்பின் கணக்கில் இரண்டும் ஒரே காயத்தின் இரு முகங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நரம்பு முதுகில் கிளம்பி முன்னால் முடிவதால், வெட்டு பக்கவாட்டில் இருந்தாலும் வலி மார்புக்குக் கீழேயோ மேல்வயிற்றிலோ தெரியும். நம் ஊரில் உடனே வரும் பதில் "கேஸ்". என் அத்தையும் இரண்டு மாதம் ஓம வாட்டரும் கேஸ் மாத்திரையும்தான் விழுங்கினார். சிலருக்கு வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் உப்பினாற்போல் இருக்கும். அந்த இடத்துத் தசைக்குப் போகும் நரம்பு சோர்ந்துவிட்டதால் தசை தொய்ந்து தெரிவது. குடலிறக்கம் இல்லை என்று மருத்துவர் தொட்டுப் பார்த்து உறுதி செய்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. அக்குளிலும் மேல்கையின் உட்புறத்திலும் மரமரப்பு வருவதும் இதே கதைதான். தோள்பட்டை வலி மட்டும் கொஞ்சம் வேறு. முதல் சில நாட்களில் வரும் தோள் வலி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசைத் திரையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு உறுத்தப்படுவதால் தோளில் எதிரொலிப்பது. அது தானாகவே போய்விடும். மாதங்கள் கழித்தும் தோள் வலித்தால், பெரும்பாலும் பயந்து கையைத் தூக்காமல் வைத்திருந்ததால் மூட்டு இறுகியிருக்கும்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். டாக்டர் "வலி இருக்கா?" என்று கேட்கிறார், நாம் "இருக்குங்க" என்கிறோம், அவர் வலி மாத்திரை எழுதுகிறார். அங்கேதான் தவறிப்போகிறது. புண் வலிக்கும் நரம்பு வலிக்கும் மருந்து வேறு. எது என்று பிரிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ பெரிதாக உதவுவதில்லை, நோயாளி சொல்லும் சொல்தான் உதவுகிறது. பிரான்ஸில் 2005-இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. எரிகிறதா, கரண்ட் அடித்தது போல் இருக்கிறதா, ஊசி குத்துகிறதா, மரத்துப்போகிறதா, அரிக்கிறதா என்றெல்லாம் கேட்டு, தோலைத் தொட்டும் பார்த்து, பத்தில் நாலு வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. சுர்ரென்று எரிவது, சுரீரென்று இழுப்பது, விண்விண் என்று தெறிப்பது, எறும்பு ஊர்வது, மதமதப்பு, நமநமப்பு, குத்தல், குடைச்சல், பட்டை போட்டு இறுக்கியது போன்ற பிடிப்பு. வீட்டில் நம்மிடம் இவ்வளவையும் சொல்கிறவர்கள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்ததும் "பெயின்" என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். அத்தைக்கு நாங்கள் செய்தது இதுதான். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வாரம் அவர் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எழுதினோம். எந்த நேரம், என்ன செய்யும்போது, பத்துக்கு எத்தனை, தூக்கம் கெட்டதா. அடுத்த முறை போனபோது அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டினோம். அவர் படித்துவிட்டு, பஞ்சை எடுத்துத் தழும்புக்குக் கீழே மெதுவாக இழுத்தார். அத்தை முகம் சுருங்கியது. "அம்மா, இதை மூணு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார். அதில் கோபமே இல்லை.

மருந்துச் சீட்டில் வந்தது அமிட்ரிப்டிலின், இரவில் 10 மில்லிகிராம். மருந்துக் கடையிலிருந்து வந்ததும் மாமா அட்டையோடு இருந்த தாளைப் படித்துவிட்டு, "இது மனச்சோர்வுக்குக் குடுக்கற மாத்திரையாமே, உனக்கென்ன பைத்தியமா?" என்று எடுத்து வைத்துவிட்டார். பல வீடுகளில் இது நடக்கிறது. அமிட்ரிப்டிலினும் டுலாக்சிடினும் மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள்தான். காபாபென்டின், பிரிகாபாலின் இரண்டும் வலிப்பு நோய்க்கும் பயன்படுபவை. இவை நரம்பின் பொறியைத் தணிக்கின்றன என்பதால் நரம்பு வலிக்கு முதல் வரிசை மருந்துகளாக உலக அளவில் பரிந்துரைக்கப்படுகின்றன. பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் இந்த வகை வலியை அவ்வளவாகத் தொடுவதில்லை. கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொள்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் ஏற்கெனவே சிறுநீரகத்தைச் சோதிக்கிற மருந்து, அதோடு இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது.

நரம்பு வலி மாத்திரைகள் அன்றைக்கே வேலை செய்யாது. சிறிய அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டி, சில வாரங்கள் பார்த்துத்தான் பலனைச் சொல்ல முடியும். எல்லோருக்கும் கேட்காது. வலி பாதியாகக் குறைவதை நல்ல பலன் என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வாரம் தூக்கக் கலக்கம், வாய் வறட்சி, தலைசுற்றல் வரலாம். பிரிகாபாலினில் சிலருக்குக் கால் வீங்கும். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் அமிட்ரிப்டிலின் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தேவலை என்று ஒரே நாளில் நிறுத்துவதும் கூடாது, கூட்டியது போலவே படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வலி ஒரு சின்ன இடத்தில் மட்டும் இருந்தால் மேலே ஒட்டும், லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து தடவிய பட்டை ஒரு நல்ல வழி. 12 மணி நேரம் ஒட்டி 12 மணி நேரம் எடுத்துவிடுவார்கள். மிளகாயின் காரச் சத்தான கேப்சைசினும் களிம்பாக இருக்கிறது. அந்தக் காரத்தை உணரும் நரம்பு வாயிலைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதற்காக யாரும் மிளகாயை அரைத்துப் போட்டுவிட வேண்டாம், தோல் வெந்துவிடும். ஒத்தடத்துக்கும் இதே எச்சரிக்கை. மரத்த இடத்துக்குச் சூடு தெரியாது. சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டுக் கொப்புளத்தோடு எழுந்தவர்கள் உண்டு. இன்னொருவர் கையால் சூடு பார்த்து, துணி சுற்றி, சில நிமிடம் மட்டும்.

மாத்திரைக்குப் படியாத வலிக்கு பெயின் கிளினிக்குகளில் ஊசி முறைகள் இருக்கின்றன. விலா நரம்பை ஒட்டி மரப்பு மருந்து போடுவது, ரேடியோ அலை கொண்டு நரம்பை அடக்குவது என்று பல வகை. முதுகுத் தசைக்கு அடியில் மருந்து பரப்பும் ஒரு முறை 2016-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டதே, நெஞ்சுப் பகுதி நரம்பு வலிக்காகத்தான். இன்று பல வகை ஆபரேஷன்களுக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கடும் வலிக்கு மார்ஃபின் போன்றவையும் உண்டு. போதைப் பொருள் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தம், தேவைப்படும் நோயாளிகளுக்கு இவை கிடைப்பதைக் கொஞ்சம் எளிதாக்கியது. ஆனால் நீண்டகால நரம்பு வலிக்கு இவை முதல் தேர்வு இல்லை. டிராமடால் என்ற வலி மருந்தை அமிட்ரிப்டிலின் அல்லது டுலாக்சிடினோடு சேர்த்துப் போட்டுக்கொள்வதை மருத்துவருக்குத் தெரியாமல் செய்யவே கூடாது.

மருந்துக்குச் சமமாக உடம்பை அசைப்பதும் வேண்டும். வலிக்கும் பக்கத்தைக் கட்டிக் காப்பது நம் இயல்பு. கையை மார்போடு ஒட்டி, கூன் போட்டு, மேல் மூச்சாக மூச்சு விடுகிறோம். அதில் தோள் இறுகுகிறது, மிச்சமிருக்கும் நுரையீரலும் முழுதாக விரிவதில்லை. சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு மாதிரி மேலே ஏற்றுவது, நேற்று எட்டிய உயரத்தில் பென்சில் கோடு போடுவது என்று அத்தைக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். அவர் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன, குழந்தைக்கு உயரம் குறித்தது போல. இருமல் வரும்போது ஒரு சின்னத் தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்து இருமினால் பாதி வேதனை குறையும்.

துணி பட்டால் எரிவதற்குத் தோலைப் பழக்கும் முறை ஒன்று இருக்கிறது. முதலில் பட்டு அல்லது பஞ்சால் ஓரிரு நிமிடம் தடவுவது, தாங்க ஆரம்பித்ததும் பருத்தித் துணி, பிறகு டர்க்கி டவல். நாளுக்குச் சில முறை. கேட்பதற்கு அற்பமாக இருக்கும், ஆனால் நரம்புக்கு "இது ஆபத்தில்லாத தொடுகை" என்று மறுபடி கற்றுத்தர வேறு குறுக்கு வழி இல்லை. பெண்களுக்கு உள்ளாடைப் பட்டை நேராகத் தழும்பின் மேல் உட்காருவது தனி அவஸ்தை. கம்பியில்லாத, ஒரு அளவு பெரிய பருத்தி உள்ளாடையோ முன்பக்கம் திறக்கும் வகையோ உதவும். இதை ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறவர்கள் பலர். நர்ஸிடம் சொன்னாலும் போதும்.

வலியை விடப் பெரிதாக உள்ளே உட்கார்ந்திருப்பது வேறு ஒரு கேள்வி. ராத்திரி இரண்டு மணிக்கு வலி எழுப்பும்போது, "திரும்ப வந்துடுச்சோ" என்றுதான் மனம் போகிறது. அந்தப் பயம் தசையை இறுக்கும், தூக்கத்தைப் பறிக்கும், அதனால் வலி கூடும். பொதுவாக, ஆபரேஷன் நாளிலிருந்தே இருந்துவரும், அதே இடத்தில், அதே மாதிரி, ஏறி இறங்கினாலும் மொத்தத்தில் மெல்லக் குறையும் வலி நரம்பின் வலி. குறைந்துவந்த வலி காரணமில்லாமல் மறுபடி ஏறினாலோ, புது இடத்தில் எலும்பில் வலித்தாலோ, எடை இறங்கினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும். முதுகு வலியோடு கால் பலவீனமானாலோ, சிறுநீர் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனாலோ, அன்றைக்கே போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறலுக்கும், வியர்வையோடு நெஞ்சை அழுத்தும் வலிக்கும் அவசர சிகிச்சைதான். அதையும் "ஆபரேஷன் வலி" என்று தள்ளிவிடக் கூடாது.

இன்னும் ஆபரேஷனுக்குப் போகாதவர்கள் இதைப் படித்தால் ஒன்று. மயக்க மருத்துவரிடம் முதுகில் போடும் எபிட்யூரல் அல்லது அதைப் போன்ற நரம்பு மரப்பு முறை பற்றிக் கேளுங்கள். இப்படிக் கொடுத்தால் ஏழு பேரில் ஒருவருக்கு நீடித்த வலி தவிர்க்கப்படுகிறது என்கிறது 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. முதல் சில நாட்களில் வலி கடுமையாக இருந்தவர்களுக்குத்தான் பிறகும் தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். அதனால் வார்டில் படுத்திருக்கும்போது வலியைத் தாங்கிக்காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

பெரிய ஊருக்கு அலைய முடியாதவர்கள், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் அடங்கும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தைக்கு இப்போது பத்தாவது மாதம். மாமாவிடம் மருத்துவரே போனில் பேசிய பிறகு மாத்திரை டப்பா அலமாரியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்தது. பத்துக்கு ஏழு என்று எழுதிக்கொண்டிருந்தவர் இப்போது மூன்று, சில நாள் இரண்டு என்கிறார். குளிர் காற்று அடித்தால் ஐந்துக்குப் போகிறது. போன வாரம் நான் போனபோது மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார், வலது கையைக் கொடிக்கு மேலே நீட்டி. கடைசியில் அந்த மல் துணியும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு இது வேண்டாமா அத்தை?"

"இன்னைக்கு வேண்டியதில்ல கண்ணு. மழைக்காலம் வருதில்ல, அதுக்கு வேணும்னு தொவைச்சுப் போட்டிருக்கேன்."